நிறுவைக்கு வராத வேலை

தீபாவளிக்கு முந்திய கிழமை பதுளை நகரில் நடப்பதே சிரமம். தோட்டங்களில் தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்துவிட்டால் பசறை, லுணுகலை, ஹாலிஎல, ஸ்பிரிங்வெலி பஸ்களில் இருந்து இறங்கும் கூட்டம் நேரே புடவைக் கடைகளுக்குள்தான் நுழையும். அப்படியொரு நாளில், ஒரு கடையின் சேலைப் பகுதியில் இருபது வயது மதிக்கத்தக்க பிள்ளை ஒருத்தி சிங்களப் பெண்மணி ஒருவருக்குச் சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தடங்கலில்லாத சிங்களம். வாய் நிறைய 'நோனா'. பக்கத்தில் வந்து நின்ற ஓர் அம்மா அவளை உற்றுப் பார்த்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி, "ஏய், நீ நம்ம மேக்கணக்கு தொங்க லயத்துப் புள்ளதானே?" என்றார்.

பிள்ளையின் கை ஒரு நொடி நின்றது. சிரிப்பு நிற்கவில்லை. "ஆமா பெரியம்மா, இருங்க வாரேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சிங்களத்தைத் தொடர்ந்தாள்.

அந்த நொடியில் அவள் ஒரு வேலை செய்தாள். சம்பளச் சீட்டில் அதற்கு இடமில்லை. பெயர் மட்டும் உண்டு. உணர்ச்சி உழைப்பு.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ரஸல் ஹொக்ஷீல்ட் 1983இல் வெளியிட்ட நூலில் இருந்து பரவிய சொல் இது. டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களையும், பாக்கி வசூலிப்பவர்களையும் அவர் கிட்ட இருந்து பார்த்து எழுதினார். முகத்திலும் குரலிலும் என்ன தெரிய வேண்டும் என்று முதலாளி தீர்மானிக்க, அதைச் சம்பளத்துக்காகத் தொழிலாளி வரவழைத்துக் காட்டுவதுதான் உணர்ச்சி உழைப்பு. வீட்டில் யார் மனமும் கோணாமல் பார்த்துக்கொள்வதில் இருந்து உறவினரின் பிறந்தநாளை ஞாபகம் வைப்பது வரை எல்லாவற்றுக்கும் இப்போது இந்தச் சொல்லைப் போடுகிறார்கள். இப்படி இழுத்து நீட்டினால் சொல்லே மங்கிப்போகும் என்று அவரே பின்னாளில் குறைப்பட்டிருக்கிறார். சம்பளமும் மேற்பார்வையும் உள்ள இடத்தில்தான் அது சரியாகப் பொருந்தும்.

இதில் இரண்டு விதம் உண்டு என்பார் அவர். உள்ளே கொதிக்க வெளியே சிரிப்பது மேலோட்ட நடிப்பு. கொதிப்பே வராதபடி மனதைத் திருப்பிக்கொள்வது ஆழ்ந்த நடிப்பு. டெல்டாவின் பயிற்சியில், விமானத்தை உங்கள் வீட்டு வரவேற்பறையாக நினையுங்கள், எரிந்துவிழும் பயணியைக் குழந்தையாக நினையுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பதுளையில் யாரும் அப்படி வகுப்பெடுப்பதில்லை. ஆனாலும் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "பாவம், அவங்களுக்கு வீட்டுல என்ன பிரச்சினையோன்னு நெனச்சுக்குவேன்" என்பார்கள். தானாகக் கற்றுக்கொண்ட ஆழ்ந்த நடிப்பு அது. பிறகு வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சொல்வது, மேலோட்ட நடிப்புத்தான் ஆளை அதிகம் தின்கிறது என்பது. முகம் ஒன்று சொல்ல மனம் ஒன்று சொல்ல நாளை ஓட்டினால், படுத்து எழும்பினாலும் களைப்புப் போகாது. வேலையில் பிடிப்பு விட்டுப்போகும். வீட்டுக்கு வந்ததும் தம்பியின் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்ததற்கு வெடிக்கும். வேலைத்தளத்து அழுத்தம் முற்றி ஆள் சோர்ந்துபோகும் இந்த நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட தன் நோய் வகைப்பாட்டில் விரிவாக வரையறுத்தது. நோயாக அல்ல, தொழிலோடு சேர்ந்த நிலையாக.

இந்தப் பிள்ளைகளின் அம்மாமார் செய்யும் வேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். தேயிலைக் கொழுந்து மலையில் நாளைக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு இருக்கும். 16, 18, 20 என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். நிறுக்கும்போது தண்ணிக்கு இவ்வளவு, படங்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அநியாயத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது தராசில் நடக்கிற அநியாயம். முள் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். கணக்கப்பிள்ளையோடு வாயடிக்கலாம், சங்கத் தலைவரிடம் போகலாம், வேலையை நிறுத்திவிட்டு ரோட்டில் உட்காரலாம். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானதும் 2024இல் 1,350 ஆனதும் வருடக்கணக்காக அப்படி இழுபட்டுத்தான். இன்னொன்றும் உண்டு. மலையில் ஏச்சு விழுந்தால், பக்கத்து நிரைக்காரியைப் பார்த்துக் கங்காணியை நக்கலடித்துச் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பு அவளுடையது. கவுண்டரில் சிரிக்கும் சிரிப்பு கடைக்குச் சொந்தம்.

ஆனாலும் மகளை மலைக்கு அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனமில்லை. அட்டைக் கடி, குளவிக் கொட்டு, கச்சான் காற்று எதுவும் கடைக்குள் இல்லை. உடுப்புச் சுத்தமாக இருக்கும். சாதாரண தரம், உயர்தரம் படித்த பிள்ளைக்கு அது ஒரு மரியாதை. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்: சட்டப்படி தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில்தான் 27,000 ரூபாயானது. கைக்கு வருவதில் பஸ் காசையும் மத்தியானச் சாப்பாட்டையும் கழித்துக்கொள்ளுங்கள்.

பதுளை இருக்கும் ஊவாவில் இந்த உழைப்புக்கு இன்னோர் அடுக்கு இருக்கிறது. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழர். பெரும்பாலோர் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். நகரத்து வியாபாரமோ அநேகமாகச் சிங்களத்தில் நடக்கிறது. "கம கொஹேத நங்கி?" ஊர் எங்கே தங்கச்சி என்று வாடிக்கையாளர் சும்மா பேச்சுக்குக் கேட்பார். கெட்ட எண்ணம் ஒன்றுமிருக்காது. பதில், "பதுளை" என்றோ "பசறைப் பக்கம்" என்றோ வரும். தோட்டத்தின் பெயர் வராது. அந்தப் பெயரைச் சொன்னால் லயமும் கூடவே வந்து கவுண்டரில் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். 'தோட்டக்காட்டான்' என்ற இழிசொல்லைச் சிங்களவர் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அது தமிழ் வாய்களில் வளர்ந்த சொல். ஆகவே அவள் சிரிப்பை மட்டும் வரவழைப்பதில்லை, உச்சரிப்பையும் ஊரையும் சேர்த்துக் காவல் காக்கிறாள். சேலைப் பகுதியில் பெரியம்மா போட்ட சத்தம் அந்தக் காவலைத்தான் உடைத்தது.

மொழி வேறு வகையிலும் அவள் தலையில் விழுகிறது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டிருக்கின்றன. தனியார் கவுண்டருக்கு அந்தப் பிரகடனம் எட்டாது. அங்கே இருமொழிக் கொள்கை என்பது ஒரு பிள்ளைதான். மருந்துக் கடையானாலும் போன் கடையானாலும் தோட்டத்து ஆள் வந்து தடுமாறினால் அவளைக் கூப்பிடுவார்கள். தன் கவுண்டர் வரிசையை விட்டுவிட்டுப் போய் மொழிபெயர்ப்பாள். திரும்பி வந்தால் காத்திருந்தவர் எரிந்துவிழுவார், அதற்கும் சிரிப்பாள். மொழிபெயர்ப்புக்குத் தனிச் சம்பளம் கொடுக்கும் கடையை நான் பார்த்ததில்லை.

சிரிப்பது மட்டும்தான் உணர்ச்சி உழைப்பு என்றும் இல்லை. பாக்கி வசூலிப்பவர்களிடம் நிறுவனம் எதிர்பார்த்தது கடுகடுப்பை என்று ஹொக்ஷீல்ட் காட்டினார். நம்மூரில் லீசிங் கம்பனிகளுக்கும் நுண்கடன் கம்பனிகளுக்கும் தவணை வசூலிக்கப் போகும் பெண்கள் அந்த வகை. லயத்து வாசலில் நின்று, தன் அம்மா வயதுப் பெண்ணிடம் குரலை உயர்த்த வேண்டும். அடகுக் கவுண்டரில் இருப்பவளுக்கு இன்னும் வேறு: அங்கே முகத்தில் எதுவுமே தெரியக்கூடாது. ஒரு பெண் முந்தானையில் முடிந்திருந்த தாலிக்கொடியை அவிழ்த்து வைக்கிறாள். கவுண்டர்ப் பிள்ளை அதைக் கல்லில் உரசி, நிறுத்து, தொகையைச் சொல்லி, "சரியா அக்கா?" என்கிறாள். பரிதாபப்பட்டால் அந்த அக்கா கூனிக் குறுகுவாள். படாவிட்டால் கல்நெஞ்சு என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் ஒரு முகம் வேண்டும். நகைக்கு அங்கே தராசு இருக்கிறது.

2022இன் பொருளாதார நெருக்கடி இதை எல்லாம் பத்து மடங்காக்கியது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். நேற்று ஒட்டிய விலைக்கு மேல் இன்றைக்கு இன்னொரு விலையை ஒட்டியது சேல்ஸ் பிள்ளை. பால்மா இல்லை, மருந்து இல்லை என்று சொன்னதும் அவள்தான். அரசாங்கத்தின் மேல் இருந்த கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட மக்களுக்குப் பக்கத்தில் கிடைத்த முகம் அவளுடையது. காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் போக முடியாதவர்களும் ஏதாவதொரு கெஷியரிடம் கத்தியிருப்பார்கள். நானும் கத்தியிருக்கிறேன், ஒரு காஸ் சிலிண்டருக்காக.

சட்டம் என்ன சொல்கிறது? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. லீவையும் மேலதிக நேரத்தையும் சொல்கிறது. அது மணிக்கணக்கைப் பார்க்கும் சட்டம். வாடிக்கையாளர் கைவைத்தாலோ ஆபாசமாகப் பேசினாலோ தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால், முதலாளியின் நல்ல வாடிக்கையாளர் மேல் பொலிசுக்குப் போய்விட்டு அடுத்த நாள் எந்தப் பிள்ளை வேலைக்கு வர முடியும்? தகாத பேச்சு, அவமானம், கையில் இருந்ததைத் தூக்கி மேசையில் எறிவது போன்றவற்றுக்கு நடைமுறையில் கேள்வி கேட்பாரில்லை.

கேட்கும் இடங்களும் உண்டு. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் உட்காருவதற்கும் கழிப்பறைக்கும் போராடியதன் பலனாகக் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்றது. நாற்காலிக்கும் மனசுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கால் கடுக்கிற நேரத்தில் சிரிப்பை வரவழைத்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். தென்கொரியா இன்னும் நேரடியாகப் போனது. 2018 ஒக்டோபரில் அமுலுக்கு வந்த திருத்தத்தின்படி, ஊழியரை ஏசக்கூடாது என்று வாடிக்கையாளருக்கு அறிவிப்பதும், ஏச்சு வாங்கியவரை அந்த வேலையிலிருந்து சற்று நேரம் விலக்கி ஓய்வு கொடுப்பதும் நிறுவனத்தின் கடமை. டோக்கியோ நகரம் 2025 ஏப்ரலில் வாடிக்கையாளர் தொந்தரவுக்கு எதிராகவே தனிக் கட்டளைச் சட்டத்தை அமுலுக்குக் கொண்டுவந்தது. வேலைத்தள வன்முறை பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆம் உடன்படிக்கையும், மூன்றாம் ஆளால் வருகிற தொந்தரவைக் கணக்கில் எடுக்கிறது.

பதுளைக்குக் கொரியச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் இருக்கின்றன. வாடிக்கையாளர் கத்தினால் மனேஜர் வந்து முன்னால் நிற்கலாம். ஒரு ஸ்டூல் போடலாம். மொழிபெயர்க்கும் பிள்ளைக்கு ஓர் அலவன்ஸ் கொடுக்கலாம். தோட்டத்துக்குக் கடைசி பஸ் போகும் முன் வேலையை விடலாம். மனம் தாங்காமல் போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அன்றைக்குப் பெரியம்மா பொறுமையாக நின்றார். சிங்களப் பெண்மணி ஒன்றும் வாங்காமல் போனதும் பிள்ளை திரும்பி வந்து, குவியலில் அடியில் கிடந்த மஞ்சள் சேலையை உருவிக் காட்டினாள். விலை படிந்தது. பில்லை வாங்கும்போது பெரியம்மா, "சாப்பிட்டியா புள்ள?" என்று கேட்டார். நேரம் மூன்றேகால். "ஆமா பெரியம்மா, அப்பவே" என்றாள். சேலை மடிக்கும் பலகைக்குக் கீழே, கட்டு அவிழ்க்காத சோற்றுப் பார்சல் இருந்தது.