உறை மோரும் உப்புநீர் மீன் தொட்டியும்

மும்பையில் நம்மவர் வீடுகளில் தங்கமீன் தொட்டி புதிதல்ல. அண்மைக் காலமாகச் சிலர் கடல் மீன்களையும் வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைக் கடையில் பார்த்துவிட்டால் குழந்தைகள் சும்மா விடுவார்களா? நானும் 2016-இல் 200 லிட்டர் தொட்டி ஒன்று வைத்தேன். அன்று முதல் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "நைட்ரேட் ஏறிக்கொண்டே போகிறதே, ஃபில்டரில் இருப்பதை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக வைக்கலாமா?"

வைக்கலாம், ஆனால் ஒரே நாளில் கூடாது. காரணத்தைச் சொல்கிறேன்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனி அழுகுவதாலும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்குக் கொடிய விஷம். ஃபில்டரில் உள்ள ஸ்பாஞ்சு, செராமிக் வளையம், பிளாஸ்டிக் பந்து ஆகியவற்றின் மேல் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டால் உடனே ஆபத்தில்லை. ஆனால் தொட்டியை விட்டு வெளியேற வழியில்லாமல் நாளுக்கு நாள் சேர்கிறது. மீன் மட்டும் உள்ள தொட்டியில் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 20-க்குள் இருந்தால் இன்னும் நல்லது.

ஆக, ஃபில்டர் நைட்ரேட்டை எடுப்பதில்லை, உண்டாக்குகிறது! அதில் அழுக்கு அடைந்து கிடந்தால் அந்த அழுக்கும் அழுகி நைட்ரேட்டாகும். எனவே அழுக்கு போக வேண்டும், நுண்ணுயிர் மட்டும் தங்க வேண்டும்.

நம் வீட்டுத் தாய்மார்களுக்கு இது எளிதில் புரியும். தயிர் முழுவதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டால் மறுநாள் பாலுக்கு உறை ஊற்ற என்ன செய்வது? புது ஊரில் குடியேறிய அன்று பக்கத்து வீட்டில் உறை மோர் கேட்டு வாங்கியவர்கள்தானே நாம்!

2022-இல் என் நண்பர் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். 100 லிட்டர் தொட்டி, மூன்று கோமாளி மீன்கள். நைட்ரேட் அதிகம் என்றதும், கடைக்காரர் சொன்னபடி ஃபில்டரில் இருந்த அனைத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டார்கள். நான்காம் நாள் நண்பரின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதே!" நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இறந்துவிட்டன. சோதித்ததில் அம்மோனியா தெரிந்தது. பாதித் தண்ணீரை மாற்றினோம், தீனியை நிறுத்தினோம். என் ஃபில்டரிலிருந்து பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டை எடுத்துவந்து அவர்கள் ஃபில்டரில் வைத்தேன். உறை மோர் கொடுத்தது போலத்தான்! மிஞ்சிய ஒரு மீன் பிழைத்துக்கொண்டது.

நான் கடைப்பிடிக்கும் முறை இது:

1. மேலே உள்ள வெள்ளைப் பஞ்சை வாரம் இருமுறை மாற்றிவிடுங்கள். பெரும்பாலான அழுக்கு அதில்தான் தங்குகிறது.

2. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த உப்பு நீரிலேயே பிழிந்து அலசுங்கள். குழாய் நீரில் உள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

3. செராமிக் வளையமும் பந்தும் அடைத்துப்போனால் ஒரு தடவைக்குக் கால் பங்கு மட்டும் மாற்றுங்கள். மூன்று, நான்கு வாரம் கழித்து, அம்மோனியா இல்லை என்று சோதித்த பிறகே அடுத்த கால் பங்கு.

4. கரி மாதம் ஒருமுறை. அது நிறத்தையும் வாடையையும் நீக்கும், நைட்ரேட்டை நீக்காது.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட நைட்ரேட்டைக் குறைக்கச் சிறந்த வழி தண்ணீர் மாற்றுவதே. 200 லிட்டரில் வாரம் 40 லிட்டர் மாற்றினால், 80 என்பது 64, 51, 41 என்று இறங்கி நான்காம் வாரம் 33 ஆகும். இடையில் புதிதாகச் சேர்வதால் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்; தீனியைக் குறைத்தால் அதுவும் சரியாகும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் மீன் தொட்டிக்கான உப்பைக் கரையுங்கள். சமையல் உப்பு உதவாது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பவளக் கல்லைத் தொட்டியில் போட்டால் நைட்ரேட் குறையும் என்று சொல்லக் கேட்டு, இராமேசுவரத்திலிருந்து கல் கொண்டுவர நினைக்காதீர்கள். கல் பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை, எடுப்பது குற்றம். மன்னார் வளைகுடாவில் அவை அங்கேயே வாழட்டும். நம் வீட்டுத் தொட்டிக்கு ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.