தினமும் காற்று அடிக்கும் டயரை நம்பி நெடுந்தூரம் போகலாமா?

காலையில் வண்டியை எடுக்கப் போனால் ஒரு சக்கரம் மட்டும் கொஞ்சம் அமுங்கியிருக்கும். பங்கில் காற்று அடித்தால் சரியாகிவிடும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் அதே சக்கரம். காஞ்சிபுரம் வட்டாரத்தில் சிறிய சரக்கு வண்டி வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இது பழகிப்போன தொல்லை. வாலாஜாபாத்துக்கும் உத்திரமேரூருக்கும் போய்வரும் வரை இப்படியே ஓட்டிவிடலாம். காய்கறி மூட்டைகளோடு ராத்திரியில் கோயம்பேடு கிளம்பும்போதும், குடும்பத்தோடு மதுரை, திருச்செந்தூர் என்று புறப்படும்போதும்தான் வினை.

காற்று குறைந்த டயர், சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் மடங்கி நிமிர்கிறது. கட்டுக்கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். வளையும் இடம் சூடாகும், பிறகு முறியும். டயருக்குள்ளும் அதுதான் நடக்கிறது. பொன்னேரிக்கரையைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறியதும் வேகம் கூடுகிறது. மேலே பாரம், கீழே சூடான சாலை. ஊருக்குள் பத்து நாள் தாங்கிய டயர் ஒரு மணி நேரத்தில் வெடித்துவிடலாம். பாரம் ஏற்றிய வண்டியில் பின் டயர் வெடித்தால் வண்டி கவிழவும் வாய்ப்புண்டு. காய்கறி போனால் போகட்டும், மூட்டை மேல் ஆட்களை உட்கார வைத்துப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறதே!

நல்ல டயரிலும் மாதம் ஒன்று, இரண்டு பாயின்ட் காற்று தானாகவே இறங்கும். அது இயல்பு. இரண்டு மூன்று நாளிலேயே ஐந்து பாயின்ட் இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். கிராமத்து வண்டிகளில் பெரும்பாலும் அதற்குக் காரணம் சீமைக்கருவேல முள். வேலிக்கு வெட்டிப்போட்ட முள் வரப்போரப் பாதையில் கிடக்கும். டயரில் குத்தி உள்ளேயே முறிந்துவிடும். முறிந்த துண்டே ஓட்டையைப் பாதி அடைத்துக்கொள்வதால்தான் காற்று மெதுவாக இறங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ட்யூப் உள்ள டயரில் ட்யூபை மட்டும் ஒட்டிவிட்டு முள்ளை விட்டுவிட்டால், நாலு நாளில் அதே இடத்தில் திரும்பக் குத்தும். அதனால் டயரைக் கழற்றும்போது உள்பக்கம் முழுக்கத் துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கும். வெறும் விரலால் தடவ வேண்டாம்.

எங்கே கசிகிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். டயரில் சரியான அளவு காற்று அடித்துவிட்டு, சோப்பு நுரையை முதலில் வால்வில் பூசுங்கள். குமிழ் வந்தால் வால்வு பின்னை மட்டும் மாற்றினால் போதும். செலவு மிகக் குறைவு. அடுத்து டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு. துருப்பிடித்த ரிம்மிலும், பள்ளத்தில் இறங்கி நெளிந்த ரிம்மிலும் அந்த வழியாகக் கசியும். கடைசியாகத் தரையில் படும் பகுதி.

ட்யூப்லெஸ் டயரில் தரையில் படும் பகுதியில் சிறிய ஓட்டை என்றால் ரப்பர் ஸ்ட்ரிப் சொருகி அடைக்கலாம். நெடுந்தூரம் போவதாக இருந்தால் டயரைக் கழற்றி உள்பக்கமாக ஒட்டுப் போடுவதுதான் உறுதி. பக்கவாட்டில் ஓட்டை என்றால் எந்த ஒட்டும் நிற்காது, டயரையே மாற்றியாக வேண்டும். காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டிய டயரையும் கழற்றி உள்ளே பார்க்காமல் நம்பக்கூடாது. ஓட்டையை அடைக்க ஊற்றும் திரவம் அவசரத்துக்கு உதவும். அதை ஊற்றிவிட்டு 400 கிலோமீட்டர் போகத் திட்டமிடுவது சரியல்ல. நைட்ரஜன் அடித்தால் இறங்காதா என்று பலர் கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். ஓட்டை இருந்தால் எதை அடித்தாலும் வெளியேறும்.

இதையெல்லாம் கிளம்பும் அன்று செய்யக்கூடாது. இரண்டு நாள் முன்பே ஒட்டி, அளவு பார்த்துக் குறித்துக்கொண்டு, ஒரு ராத்திரி நிறுத்தி வைத்து, காலையில் வண்டி ஓடுவதற்கு முன் மறுபடி பார்க்க வேண்டும். ஓடிய டயரில் சூட்டினால் அளவு கூடுதலாகவே காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதீர்கள். எத்தனை பாயின்ட் என்பது வண்டிக்கு வண்டி, பாரத்துக்குத் தக்கபடி மாறும். ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டையிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும் அளவைப் பின்பற்றுங்கள்.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் பெரிய டயர் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் தன் வண்டியில் ஓடுவது எந்த வருடத்து டயர் என்று பார்ப்பவர்கள் குறைவு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பழைய டயரில் பக்கவாட்டு வெடிப்புகள் தெரிந்தால் ஒட்டுப் போட்டுக் காசை வீணாக்க வேண்டாம். கார், சரக்கு வண்டி டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது மோட்டார் வாகன விதி.

ஸ்டெப்னியையும் மறக்கக்கூடாது. வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் தொடங்கிய உதிரிச் சக்கரத் தொழிலிலிருந்து வந்த பெயர் இது. பல வண்டிகளில் அதில் காற்றே இருப்பதில்லை. பாரத்தோடு வண்டியைத் தூக்கும் ஜாக்கி, நட்டுக் கழற்றும் ஸ்பேனர், எச்சரிக்கை முக்கோணம், டார்ச் நான்கும் வண்டியில் இருக்கட்டும். சக்கரம் மாற்றியிருந்தால் ஐம்பது கிலோமீட்டர் போனதும் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

வழியில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலும், பின்பக்கம் ஆடினாலும் பிரேக்கை ஓங்கி அழுத்தாமல், ஆக்ஸிலேட்டரை விட்டு மெதுவாக இடப்புறம் ஓரம் கட்டுங்கள். ஆட்களைச் சாலைத் தடுப்புக்கு வெளியே நிற்க வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 1033.