முகக்குறிப்பறிதலும் ஆட்டிசம் உடைய மாணவரும்: ஒரு விளக்கம்

முன்னுரை

ஒருவர் வாய்திறந்து கூறாத முன்பே அவர்தம் உள்ளக் கருத்தை முகத்தாலும் செயலாலும் உணர்ந்துகொள்வதைத் தமிழ் மரபு 'குறிப்பறிதல்' என்று போற்றுகிறது. திருக்குறளில் பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்கள் இப்பெயரைத் தாங்கியுள்ளன. இவ்வாற்றல் மதிக்கப்படும் சமுதாயத்தில் அஃது எளிதில் வாய்க்கப்பெறாத ஒரு குழந்தை எவ்வாறு எடைபோடப்படுகிறது என்பது ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

'ஆட்டிசம் உடையவர்களால் பிறர் முகத்தைக் கொண்டு உணர்வை அறிய இயலாது. ஆகவே அவர்களுக்குப் பிறர் உணர்வில் அக்கறை இல்லை' என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. இதன் முற்பகுதி ஓரளவே உண்மை; பிற்பகுதியோ முற்பகுதியிலிருந்து பெறத்தக்க முடிவன்று. இதனைக் கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகளைக் கொண்டு விளக்குவதும், தமிழ் வகுப்பறைக்கு அவை உணர்த்தும் செய்திகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

கருத்தின் தோற்றம்

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் லியோ கன்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசம் பற்றிய ஆய்வுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பிறரோடு உணர்வுவழித் தொடர்பு கொள்வதில் ஏற்படும் குறைபாடு என்றே அவர் இந்நிலையைத் தம் கட்டுரைத் தலைப்பில் குறித்தார். அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதையொத்த குழந்தைகளைப் பற்றி எழுதினார். 'ஆட்டிசம்' என்பது 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. தமிழில் 'மதியிறுக்கம்' என்ற சொல் வழங்கினும், அது அறிவுக் குறைபாட்டைச் சுட்டுவதுபோல் ஒலிப்பதால் நாம் இக்கட்டுரையில் 'ஆட்டிசம்' என்ற சொல்லையே ஆள்கிறோம்.

1985இல் லண்டனில் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃபிரித் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு பெருந்தாக்கத்தை ஏற்படுத்தியது. ஒரு பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே செல்கிறது. மற்றொரு பொம்மை அதனைப் பெட்டிக்குள் மாற்றி வைக்கிறது. திரும்பி வரும் முதற்பொம்மை எங்கே தேடும் என்பது வினா. ஆட்டிசம் உடைய 20 சிறுவர்களுள் 16 பேர், குண்டு உண்மையில் உள்ள பெட்டியையே காட்டினர். பிறர் மனத்தில் உள்ளதை ஊகிக்கும் ஆற்றலே இவர்களிடம் குறைவு என்ற கொள்கை இதனால் வலுப்பெற்றது. இச்சோதனை நம்பிக்கையைப் பற்றியதேயன்றி முகத்தைப் பற்றியதன்று என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். எனினும் இக்கொள்கை முகக்குறிப்பறிதலுக்கும் விரித்துரைக்கப்பட்டது.

சோதனைகள் காட்டுவன

2001இல் திருத்தி வெளியிடப்பட்ட 'கண்வழி மனமறிதல்' சோதனையில் கண்பகுதி மட்டும் தெரியும் 36 ஒளிப்படங்கள் உள்ளன. ஒவ்வொரு படத்திற்கும் தரப்பட்ட நான்கு சொற்களுள் பொருத்தமானதைத் தெரிவு செய்ய வேண்டும். ஆட்டிசம் உடைய பெரியவர்கள் இதில் சராசரியாகக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். ஆயினும், உணர்வுகளின் நுண்ணிய வேறுபாடுகளைக் குறிக்கும் சொற்களை அறியாதவருக்கும் இச்சோதனை கடினமே. முகமறிவோடு சொல்லறிவும் இங்கே சேர்ந்தே அளக்கப்படுகிறது.

2013இல் உல்யரெவிச், ஹாமில்டன் ஆகிய இருவரும் 48 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். ஆட்டிசம் உடையோர்க்கு முகத்திலிருந்து உணர்வறிவதில் இடர்ப்பாடு உண்டு என்பதை அவர்களின் தொகுப்பாய்வு உறுதிசெய்தது. அதே வேளையில், வேறுபாடு காணாத ஆய்வுகள் அச்சேறாமல் போகும் வாய்ப்பைக் கணக்கிற்கொண்டபோது அவ்விடர்ப்பாட்டின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மகிழ்ச்சியை அறிவதில் வேறுபாடு மிகச் சிறிதே; அச்சத்தை அறிவதில் அது கூடுதலாக இருந்தது. எனவே, 'அறிய இயலாது' என்பதைவிட 'சில உணர்வுகளை, சிலர், சில சூழல்களில் அறிய இடர்ப்படுகின்றனர்' என்பதே பொருத்தமான கூற்றாகும்.

இடர்ப்பாட்டின் காரணங்கள்

முகக்குறிப்பறிதல் ஒரே செயல்போல் தோன்றினும் பல படிகளைக் கொண்டது. முகத்தை நோக்குதல், நொடியில் மாறும் குறிப்பைப் பற்றுதல், அதனை ஓர் உணர்வாக இனங்காணுதல், அவ்வுணர்விற்குப் பெயரிடுதல் ஆகியவை அவை. எந்தப் படியிலும் தடை ஏற்படலாம்.

முதலாவது, நோக்குதல். 2002இல் கிளின் குழுவினர், திரைப்படக் காட்சிகளைப் பார்ப்போரின் விழியசைவைக் கருவியால் பதிவுசெய்தனர். மற்றவர்கள் பாத்திரங்களின் கண்களைப் பெரிதும் நோக்க, ஆட்டிசம் உடையோர் வாயையும் உடலையும் பொருள்களையும் கூடுதலாக நோக்கினர். இதனை அக்கறையின்மை என்று கொள்வதற்கில்லை. பிறர் கண்களை நேரே நோக்குவது தாங்கவொண்ணாத இறுக்கத்தைத் தருகிறது என ஆட்டிசம் உடைய பலர் தாமே கூறியுள்ளனர். கண்களை நோக்கினால் பேச்சைச் செவிமடுக்க முடிவதில்லை என்போரும் உளர்.

இரண்டாவது, பெயரிடுதல். தன் உணர்வையே இனங்கண்டு சொல்லால் உரைக்க இயலாத நிலை 'அலெக்ஸிதிமியா' எனப்படுகிறது; இதனை நாம் 'உணர்வுச் சொல்லின்மை' எனலாம். 2019இல் வெளிவந்த தொகுப்பாய்வின்படி ஆட்டிசம் உடையோருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இந்நிலை காணப்படுகிறது. ஏனையோரிடம் இது 20 பேருக்கு ஒருவர் என்ற அளவினதே. 2013இல் குக், பேர்ட் முதலியோர் நடத்திய ஆய்வில், முகவுணர்வை அறிவதில் உண்டான இடர்ப்பாடு ஆட்டிசத்தோடன்றி உணர்வுச் சொல்லின்மையோடே தொடர்புற்றிருந்தது. தன் நெஞ்சின் படபடப்பை 'அச்சம்' என்று அறியாதவர் பிறர் முகத்தில் அச்சத்தை அறிய இடர்ப்படுவது இயல்பேயன்றோ?

இருவழிச் சிக்கல்

2012இல் ஆட்டிசம் உடைய சமூகவியலறிஞர் டேமியன் மில்டன் இச்சிக்கலை மறுபுறத்திலிருந்து நோக்கினார். இருவர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாதபோது குறையை ஒருவர்மேல் மட்டும் சுமத்துவது முறையன்று என்பது அவர் வாதம். 2016இல் வெளிவந்த ஆய்வுகள் இதற்கு ஆதரவாக அமைந்தன. ஆட்டிசம் உடையோர் முகத்திற் காட்டிய உணர்வுகளை மற்றவர்கள் சரியாக அறியவில்லை என ஓர் ஆய்வு காட்டியது. ஆட்டிசம் உடைய பிறருக்கும் அவை எளிதாக விளங்கவில்லை என்பதையும் அவ்வாய்வே தெரிவித்தது. ஆட்டிசம் உடையோர்க்குள் பொதுவான தனி 'முகமொழி' ஒன்று இருப்பதாகக் கொள்வதற்கில்லை. ஒவ்வொருவர் வெளிப்பாடும் தனித்தன்மை உடையது என்றே கருதத் தோன்றுகிறது.

ஆசிரியர்களுக்கு இது மிக முக்கியமான செய்தியாகும். கண்டிக்கப்படும்போது சிரித்தபடி நிற்கும் மாணவனை நாம் ஏளனம் செய்வதாகக் கருதித் தண்டிக்கக்கூடும். அச்சிரிப்பு அச்சத்தின் வெளிப்பாடாகவும் இருக்கலாம். இவ்விடத்தில் முகத்தைத் தவறாகப் படித்தவர் மாணவரல்லர், நாமே.

மெய்ப்பாடும் நிலைக்களனும்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினையும் கூறியதோடு அமையாது, ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நந்நான்கினையும் சேர்த்தே கூறியுள்ளார். நகை என்பது எள்ளலாலும் பிறக்கும், இளமையாலும் பிறக்கும். பிறரை இகழ்ந்து சிரிப்பதையும் பிறர் தன்னை இகழ்ந்தபோது சிரிப்பதையும் எள்ளல் என்பதனுள் உரைமரபு அடக்குகிறது. எனவே, நகைக்கும் முகத்தை மட்டும் கண்டு நகையின் தன்மையை உறுதிசெய்தல் அரிது. லிசா ஃபெல்ட்மன் பேரட் முதலிய உளவியலறிஞர்கள் 2019இல் வெளியிட்ட விரிவான ஆய்வுரையும், முகத்தோற்றம் ஒன்றையே கொண்டு உணர்வைத் துணிய இயலாது என்ற முடிவிற்கே வந்தது.

சோதனைப் படங்களோ நிலைக்களன் நீக்கப்பட்ட முகங்கள். ஆட்டிசம் உடைய மாணவருக்கு முகத்தோடு காரணத்தையும் சேர்த்துக் கற்பிப்பதே பயன்தரும். உடன்பயில்வோர் தன்னைச் சூழ்ந்து நகைக்கும்போது, அதனை நட்பு என எண்ணித் தானும் சேர்ந்து நகைக்கும் மாணவருக்கு இந்த வேறுபாட்டை அறிவது பாதுகாப்பாகவும் அமையும்.

வகுப்பறைக்குரிய சில கருத்துகள்

முகவுணர்வைக் கற்பிக்கும் முயற்சிகள் பல நடந்துள்ளன. பிரிட்டனில் உருவாக்கப்பட்ட 'தி டிரான்ஸ்போர்ட்டர்ஸ்' என்னும் அசைவூட்டத் தொடர், மனித முகங்கள் பொருத்திய தொடர்வண்டி முதலிய ஊர்திகளைக் கொண்டு 15 உணர்வுகளைக் கற்பித்தது. அதனை நான்கு வாரங்கள் நாள்தோறும் பார்த்த சிறார் சோதனையில் முன்னேற்றம் கண்டனர் என 2010இல் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது. ஆயினும் இத்தகைய பயிற்சிகளால் பெறும் திறன் அன்றாட வாழ்வில் எந்த அளவிற்குக் கைகொடுக்கும் என்பது உறுதிப்படவில்லை. இயல்பை மறைத்துப் பிறரைப்போல் நடிப்பது பெருங்களைப்பைத் தருவதாக ஆட்டிசம் உடைய பெரியவர்கள் கூறியதை 2017இல் வந்த ஓர் ஆய்வு பதிவு செய்துள்ளது. ஆகவே, பயிற்சியோடு சூழலையும் மாற்றியமைத்தல் வேண்டும்.

முதலாவதாக, உணர்வைச் சொல்லால் தெரிவிக்க வேண்டும். 'ஆசிரியருக்கு வருத்தமாக இருக்கிறது; ஏனெனில் நீ சொல்லாமல் வெளியே சென்றாய்' என்பது, கடுத்த முகத்தைவிடத் தெளிவானது. இரண்டாவதாக, குறிப்புமொழியைக் குறைத்தல் வேண்டும். நீரைக் கொட்டிய மாணவனிடம் 'கெட்டிக்காரன்தான்!' என்று கூறினால், அவன் அதனைப் பாராட்டாகவே கொள்ளக்கூடும். வஞ்சப்புகழ்ச்சியை அணியாகக் கற்பிக்கும் நாம், அதனை வகுப்பறைப் பேச்சில் விளக்கமின்றிக் கையாளலாகாது. மூன்றாவதாக, 'என் முகத்தைப் பார்த்துப் பேசு' என வற்புறுத்துதல் வேண்டா. நான்காவதாக, கதைப்பாடங்களில் பாத்திரத்தின் உணர்வு, அதன் காரணம், அவ்வுணர்வுக்குரிய சொல் ஆகிய மூன்றையும் ஒருங்கே கற்பிக்கலாம். மனத்தாங்கல், ஏக்கம், கூச்சம், எரிச்சல் முதலான சொற்களைச் சூழலோடு கற்பது வகுப்பிலுள்ள அனைவருக்குமே பயன்தரும். படத்தையோ காணொளியையோ கண்டு உரையாடும் வாய்மொழிப் பயிற்சியில், முகத்தைப் படிக்க இடர்ப்படுவதை மொழித்திறன் குறைவாகக் கொள்ளாதிருத்தலும் இன்றியமையாதது.

முடிவுரை

முகத்திலிருந்து உணர்வை அறிதலில் ஆட்டிசம் உடையோர் பலர் இடர்ப்படுவது உண்மையே. எனினும் அவ்விடர்ப்பாடு எல்லாரிடத்தும் ஒரே அளவினதன்று. அதன் காரணங்களும் ஒன்றல்ல. அது இரு தரப்பாரிடையே நிகழ்வது. பிறர் வருந்துவதை முகத்தால் அறியாத மாணவர், அவ்வருத்தத்தைச் சொல்லக் கேட்டபின் உள்ளம் நெகிழ்பவராக இருக்கலாம். அறியாமையும் இரக்கமின்மையும் வேறுவேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இம்மாணவரிடத்து ஆசிரியர் காட்டவேண்டிய குறிப்பறிதலாகும்.