உரசும் சங்கிலி உரைப்பது என்ன?

நுழையும்முன்

எந்திரம் எழுப்பும் ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தைத் தேடுபவர் பழுதைக் கண்டறிகிறார். தேடாதவர் கண்ட திருகையெல்லாம் திருகிப் பழுதைப் பெருக்குகிறார். மிதிவண்டிச் சங்கிலியின் உரசல் ஒலியைக்கொண்டு பழுதை அறிந்து நீக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

எல்லையோரச் சாலையில்

திருவள்ளூர் மாவட்டத்தின் வட எல்லையில், ஆரணியாற்றின் கரையில் அமைந்துள்ளது ஊத்துக்கோட்டை. கண்டலேறு – பூண்டிக் கால்வாயில் வரும் கிருஷ்ணா நதிநீர் இவ்வூரின் அருகில்தான் தமிழக மண்ணைத் தொடுகிறது. சென்னையிலிருந்து பெரியபாளையம் வழியாகத் திருப்பதி செல்லும் சாலையும் இவ்வூரைக் கடந்தே ஆந்திர எல்லைக்குள் நுழைகிறது. சரக்குந்துகளும் பேருந்துகளும் விரையும் இத்தகைய சாலையின் ஓரத்தில் மிதிவண்டி ஓட்டுபவரின் கண்கள் எப்போதும் பாதையிலேயே இருத்தல் வேண்டும். சங்கிலியோ 'கரகர'வென ஒலித்து அவர் பார்வையைக் கீழே இழுக்கிறது. உரசும் சங்கிலி திடீரெனக் கழன்றுவிட்டால், மிதிகட்டையை அழுத்திய கால் பிடிமானமின்றிச் சரியும், வண்டி நிலைதடுமாறும். ஆகவே, சிறிய உரசல் என்று இதனைப் புறக்கணித்தல் தகாது.

தடம்புரளச் செய்யும் கருவி

1880-இல் ஆன்ஸ் ரெனால்டு என்பவர் உருளைச் சங்கிலியை உருவாக்கினார். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி வடிவமைத்த 'ரோவர்' மிதிவண்டி, சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கியது. மேட்டில் எளிதாக ஏறவும் சமதளத்தில் விரைந்து செல்லவும் ஒரே பற்சக்கரம் போதாது என்பதால், சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கருவி பின்னர்த் தோன்றியது. பிரெஞ்சு மொழியில் அதற்கு 'டீரெய்லர்' என்று பெயர். தடம்புரளச் செய்வது என்பது அதன் பொருள். புகழ்பெற்ற 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் 1937-ஆம் ஆண்டுமுதல் இக்கருவி அனுமதிக்கப்பட்டது.

மிதிகட்டையின் அருகிலுள்ள பெரிய, சிறிய பற்சக்கரங்களுக்கு மேலே அமைந்திருப்பது முன்பக்கப் பற்சக்கர மாற்றி. உள்தகடு, வெளித்தகடு என்னும் இரு தகடுகளாலான ஒரு கூட்டின் நடுவே சங்கிலி செல்கிறது. கைப்பிடியிலுள்ள நெம்புகோலை அழுத்தினால் கேபிள் இறுகிக் கூட்டை வெளிப்புறமாக இழுக்கும். உள்தகடு சங்கிலியைப் பெரிய பற்சக்கரத்தின்மேல் தள்ளும். கேபிள் தளர்ந்தால், சுருள்வில் கூட்டை உள்நோக்கி இழுக்கும். வெளித்தகடு சங்கிலியைச் சிறிய பற்சக்கரத்துக்குத் தள்ளும். சங்கிலியைத் தொட்டுத் தள்ளுவது இக்கருவியின் ஒரு பணி. தள்ளியபின் தொடாமல் விலகி நிற்பது மறு பணி. எனவே, கியர் மாறும் நொடியில் எழும் உரசல் இயல்பானது. மாறிய பிறகும் தொடர்வதே பழுதின் அடையாளம்.

ஓசையைப் படித்தல்

திருப்புளியைக் கையில் எடுக்கும் முன், உரசல் எப்போது எழுகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

மிதிகட்டையின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை மட்டும் ஒலி கேட்டால், பற்சக்கரம் வளைந்திருக்கலாம். அல்லது மிதிகட்டை அச்சு தளர்ந்திருக்கலாம். இதனைப் பற்சக்கர மாற்றியின் திருகுகளால் சரிசெய்ய இயலாது.

முன்னால் பெரிய பற்சக்கரமும் பின்னாலும் பெரிய பற்சக்கரமும், அல்லது இருபுறமும் சிறியவையும் அமையும்போது மட்டும் ஒலி எழுந்தால், சங்கிலி மிகவும் சாய்வாகச் செல்வதே காரணம். இங்கே மாற்றவேண்டியது கியரை மட்டுமே. அவ்விணைகளைத் தவிர்த்து ஓட்டினால் சங்கிலியின் தேய்மானமும் குறையும்.

ஏனைய நிலைகளில் ஒலி இடைவிடாது கேட்டால், பற்சக்கர மாற்றியின் அமைப்பில் பிழை உள்ளது எனக் கொள்ளலாம்.

சீரமைக்கும் முறை

கூட்டின் இருப்பிடம், அசைவின் எல்லை, கேபிளின் இறுக்கம் ஆகிய மூன்றும் இவ்வரிசையிலேயே சரிசெய்யப்படுதல் வேண்டும். ஒன்றின் பிழையை மற்றொன்றால் ஈடுகட்ட முயல்வதே பலரும் செய்யும் தவறு. சான்றாக, இறுகிய கேபிள் கூட்டை உள்ளே வரவிடாமல் பிடித்திருக்கும்போது எல்லைத் திருகை எவ்வளவு திருகினாலும் பயன் விளையாது.

முதலில், பின்சக்கரம் தரையைத் தொடாதவாறு வண்டியை நிறுத்தி, சங்கிலியையும் கூட்டையும் துடைத்துத் தூய்மை செய்தல் வேண்டும். பின்னர்க் கூட்டின் இருப்பிடத்தைப் பார்க்கலாம். வெளித்தகட்டின் கீழ்விளிம்புக்கும் பெரிய பற்சக்கரத்தின் பல்முனைக்கும் இடையே 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. மேலிருந்து நோக்கினால் வெளித்தகடு பற்சக்கரத்துக்கு இணையாகத் தோன்றுதல் வேண்டும்.

இரண்டாவதாக, கேபிளைத் தளர்த்திவிட்டு, முன்னால் சிறிய பற்சக்கரத்திலும் பின்னால் மிகப்பெரிய பற்சக்கரத்திலும் சங்கிலியை அமைத்தல் வேண்டும். 'எல்' என்று குறிக்கப்பட்ட திருகு கூட்டின் உள் எல்லையைத் தீர்மானிக்கிறது. உள்தகடு சங்கிலியைத் தொடாமல், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் விலகி நிற்கும்வரை அதனைத் திருகலாம். பெரும்பாலான கருவிகளில் வலஞ்சுழியாகத் திருகினால் அசைவின் எல்லை குறுகும். இடஞ்சுழியாகத் திருகினால் விரியும். ஒவ்வொரு முறையும் கால் சுற்று மட்டுமே திருகி, மிதிகட்டையைக் கையால் சுழற்றிப் பார்த்தல் நன்று. எல்லை மிகுதியாக விரிந்தால் சங்கிலி உட்புறமாகக் கழன்று விழும்.

மூன்றாவதாக, நெம்புகோலைச் சிறிய பற்சக்கர நிலையில் வைத்து, கேபிளைத் தொய்வின்றி இழுத்து மறையை இறுக்குதல் வேண்டும். அதன்பின் முன்னால் பெரிய பற்சக்கரத்துக்கும் பின்னால் மிகச்சிறிய பற்சக்கரத்துக்கும் சங்கிலியை மாற்றலாம். வெளித்தகடு சங்கிலியில் உரசினால், கேபிள் நுழையுமிடத்திலுள்ள உருளைத் திருகை இடஞ்சுழியாகச் சிறிது சிறிதாகத் திருகி இறுக்கத்தைக் கூட்டலாம். அப்போதும் கூடு நகரவில்லையெனில் 'எச்' திருகு அதனைத் தடுக்கிறது என்பது பொருள். அத்திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினால் போதும். வெளி எல்லை அளவுமீறி விரிந்தால், சங்கிலி மிதிகட்டைப் பக்கமாகக் கழன்றுவிடும்.

புதிய கேபிள் சில வாரங்களில் சற்றே தளர்வது இயல்பு. நன்கு இயங்கிய வண்டியில் உரசல் மீண்டும் எழுந்தால், எல்லைத் திருகுகளைத் தொடாமல் கேபிளின் இறுக்கத்தையே முதலில் சோதித்தல் வேண்டும். சங்கிலி சுழலும்போது விரல்களையோ துப்பட்டா, தாவணி முதலியவற்றின் நுனிகளையோ அதன் அருகே கொண்டு செல்லக் கூடாது.

ஒற்றைப் பற்சக்கர வண்டியில்

தமிழக அரசு பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் பற்சக்கர மாற்றி இல்லை. ஆயினும் சங்கிலி அதன் உறையில் உரசுவதுண்டு. உறை வளைந்திருந்தால் அதனை நிமிர்த்தினால் போதும். சங்கிலி தொய்ந்திருந்தால், பின்சக்கர அச்சின் மறைகளைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னோக்கி நகர்த்துதல் வேண்டும். சங்கிலியின் நடுப்பகுதியை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் அசையுமாறு விடுதல் தகும். சக்கரம் சட்டத்தின் நடுவே நேராக நிற்கிறதா, பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்த பின்னரே மறைகளை இறுக்குதல் வேண்டும். உரசும் இடத்தைக் கண்டு, காரணத்தை அறிந்து, தேவையான அளவே திருத்துதல் என்னும் நெறி இங்கும் அதுவே.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பரவியபோது, எழுத்துக் கற்ற பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். பிறர் துணையின்றி வெளியே சென்றுவரும் உரிமையை அது அவர்களுக்கு அளித்தது. அவ்வுரிமை நடுவழியில் தடைப்படாதிருக்க, ஓட்டக் கற்றவர் வண்டியைப் பேணவும் கற்றல் வேண்டும். சைக்கிள் கடை கண்ணுக்கெட்டாத சாலையில் சங்கிலி உரசும்போது, ஒரு திருப்புளியும் பொறுமையான கவனமும் உடையவர் அஞ்சி நிற்பதில்லை. காரணம் அறிந்து கால் சுற்றுத் திருகி, தம் பயணத்தைத் தொடர்கிறார்.