வரைபடத்திலேயே வரும் குளிர்ச்சி

வீடு கட்டுதல் ஒரு குடும்பம் தன் வாழ்நாளிற் பெரும்பாலும் ஒருமுறையே மேற்கொள்ளும் பெருஞ் செயலாகும். கல்லையும் மரத்தையும் விலை பேசுவதிற் காட்டும் கருத்தை வரைபடத்தின் முதற் கோடுகளிற் காட்டுவோர் சிலரே. ஆயினும், பின்னர் மாதந்தோறும் வரும் மின்கட்டணத்திற் கணிசமான பங்கை அக்கோடுகளே தீர்மானித்து விடுகின்றன.

கொழும்பு நகர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் அமைந்துள்ளது. நண்பகலிற் சூரியன் உயர்ந்து நிற்பதால், வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் கூரையின் தாழ்வாரமே காத்துவிடும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயிலோ கிழக்கு, மேற்குச் சுவர்களை நேரே தாக்கும். ஆகவே, நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கி இருத்தல் நன்று.

வெள்ளவத்தையில் இதற்கொரு சிக்கலுண்டு. விரும்பத்தக்க கடற்காற்றும் வேண்டாத மாலை வெயிலும் அங்கே மேற்கிலிருந்தே வருகின்றன. கடலைக் காணவென்று மேற்கிற் பெருங் கண்ணாடி பதித்தால் அறை அடுப்பாகும். சுவரால் அடைத்தாற் காற்றும் நின்றுவிடும். ஆழ்ந்த விறாந்தை அமைத்து, அதன் நிழலிற் சாளரத்தை வைத்து, எதிர்ப்புறத்திற் காற்று வெளியேறவும் வழிவிடுவதே தக்க உபாயம். புகுந்த காற்றுக்குப் போக்கிடம் இல்லையேல் அறையில் அது உலவாது.

கொட்டாஞ்சேனையில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் வீதிகளிற் பக்கச் சாளரத்துக்கு இடமேது? அங்கே நடுமுற்றமே துணை. நம் யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு காட்டும் வழியும் அதுவே. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, 1962இல் நிறைவுற்ற ஈனா டி சில்வாவின் கொழும்பு இல்லத்தை முற்றத்தைச் சூழவே அமைத்தார். பின்னாளில் அவ்வீடு பிரித்தெடுக்கப்பட்டு, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுனுகங்கையில் மீண்டும் எழுப்பப்பட்டது.

மாடிகள் பல கொண்ட கட்டடத்துக்கும் இது பொருந்துமா? பாவா அவர்களே 1976 முதல் 1978 வரையான காலத்தில் டார்லி வீதியில் அரச ஈட்டு வங்கிக்கென எழுப்பிய கட்டடம் இதற்கு விடை. வெயில் குறைவாகப் படவும், காற்றை உள்ளே ஏற்கவும் ஏற்றவாறு அது திசை பார்த்து வடிவமைக்கப்பட்டது.

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்ததை நாம் மறந்திலோம். குளிரூட்டியை நம்பிச் சாளரங்களைச் சுருக்கிய அறைகளில் முதியோரும் குழந்தைகளும் வெந்து தவிக்க, காற்றோட்டமுள்ள வீடுகள் ஓரளவு தாங்கி நின்றன.

வர்ணத்தை மாற்றலாம், திரைச்சீலையை மாற்றலாம், எழும்பிவிட்ட வீட்டின் திசையை எவரால் மாற்ற இயலும்? ஆதலின், வரைபடம் கைக்கு வந்ததும் அறைகளை எண்ணுமுன், மாலை வெயில் எங்கே விழும், காற்று எவ்வழி புகுந்து எவ்வழி போகும் என்று வினவுவோமாக. அவ்வினாவுக்குச் செலவொன்றுமில்லை, பயனோ வீடு உள்ளளவும் நிற்கும்.