கண்ணுக்குத் தெரியாத காவலர்கள்

ஆசையாய் வாங்கிய தங்க மீன் பத்தே நாளில் செத்து மிதக்கிறதா? விற்றவரைத் திட்டாதீர்கள், முதலில் ஜலத்தைச் சந்தேகியுங்கள்! மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா கொடிய விஷம். அதைச் சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் விஷந்தான். வேறு சில, அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்குகின்றன. இவை குடியிருக்க இடம் தருவதே வடிகட்டியின் வேலை.

சிறு தொட்டிக்குக் காற்றுப் பம்பில் இயங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டியே போதும். பாக்டீரியாக் குடும்பம் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை ஒன்றிரண்டு மீன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்சைக் குழாய் ஜலத்தில் அலசாதீர்கள். குளோரின் கலந்திருந்தால் குடும்பமே நாசம்! தொட்டி ஜலத்தையே வாளியில் மொண்டு, அதில் லேசாகப் பிழியுங்கள். இரவில் பம்பை நிறுத்தும் சிக்கனமும் வேண்டாம். காற்றில்லாமல் காவலர்கள் மடிந்தால், காலையில் மீனுக்கு யார் காவல்?