கிளவுட்டில் இருந்தால் தரவு பத்திரமா?

2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பு ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவிலேயே மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆனால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலப்பகுதிக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கட்டமைப்பு இயங்கியது 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' எனும் அரச கிளவுட்டில்தான். மென்பொருள் துறையில் இருப்பதால் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு: "எல்லாம் கிளவுட்லதானே இருக்கு, பிறகென்ன பயம்?" அதற்கான பதில் இந்தச் சம்பவத்தில் இருக்கிறது.

கிளவுட் என்பது வேறொருவருடைய கட்டடத்தில் ஓடும் கணினிகளை வாடகைக்கு எடுப்பதுதான். அமேசன், மைக்ரோசொப்ட், கூகுள் போன்ற நிறுவனங்கள் கட்டடம், மின்சாரம், வன்பொருள் என்பவற்றுக்குப் பொறுப்பேற்கின்றன. அதற்குள் நாம் வைக்கும் தரவும், அதைத் திறக்கும் கடவுச்சொற்களும் நம்முடைய பொறுப்பு.

ஒரு கோப்பைக் கிளவுட் சேவைகள் பல பிரதிகளாக வைத்திருப்பது உண்மைதான். ஒரு வன்தட்டு பழுதானால் அது கைகொடுக்கும். ஆனால், நாமே தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அத்தனை பிரதிகளும் சேர்ந்தே அழியும். ரான்சம்வெயார் அதைப் பூட்டினால், பூட்டப்பட்ட வடிவமே எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். ஆகவே, பிரதி வேறு, காப்புப் பிரதி வேறு.

காப்புப் பிரதி எடுத்தால் மட்டும் போதுமா? 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் பிரதான தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். அவர்களிடம் பல காப்பு முறைகள் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் அவை எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையம் எரிந்தபோது, காப்புப் பிரதியையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தனர்.

எனவே, பல காலமாகச் சொல்லப்படும் 3-2-1 விதி இன்றும் பொருந்தும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறிடத்தில். அத்துடன், ஒரு பிரதியாவது வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது வேறு கணக்கில், வேறு கடவுச்சொல்லுடன் இருக்க வேண்டும்.

இதைத் தொழில்நுட்பவியலாளரின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. எத்தனை மணித்தியாலத் தரவை இழந்தால் தாங்குவோம்? எவ்வளவு நேரம் சேவை நின்றால் தாங்குவோம்? இவ்விரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையில் இருப்பவர். அந்தப் பதில்தான் செலவைத் தீர்மானிக்கிறது.

செலவு நம் நாட்டில் சிறிய விடயமல்ல. கிளவுட் கட்டணங்கள் பெரும்பாலும் டொலரிலேயே வருகின்றன. 2022இல் டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது, 20,000 ரூபாவாக இருந்த 100 டொலர் கட்டணம் 36,000 ரூபாவானது. இப்படியான நெருக்கடியில், உடனே பயன் தெரியாத காப்புப் பிரதியில் கைவைக்கத்தான் மனம் வரும். அதற்கு முன் வெட்டக்கூடியவை பல இருக்கின்றன: வேலை முடிந்தும் ஓடிக்கொண்டிருக்கும் பரிசோதனைச் சேர்வர்கள், தேவைக்கு மிஞ்சிய அளவில் எடுத்த இயந்திரங்கள், யாரும் திறக்காத பழைய பதிவுக் கோப்புகள்.

பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், ஊடக நிறுவனம் என எதை நடத்தினாலும், உங்கள் கணினிப் பிரிவினரிடம் இந்த வாரமே கேளுங்கள்: "காப்புப் பிரதியிலிருந்து கடைசியாக எப்போது தரவை மீட்டுப் பார்த்தீர்கள்?" திகதியுடன் பதில் வராவிட்டால், அடுத்த வேலை அதுதான்.